வெள்ளிக்கிழமை பத்து மணி

மனநலப் புறநோயாளிப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணம் எங்கள் ஊர். நடுவில் டிரங்கு ரோடு, அதன் இரு பக்கமும் கடைகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு சீனர் கோயில், ஒரு பள்ளிவாசல், சுற்றிலும் ஏழு தோட்டங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஏழும் ரப்பர். ஓய்வு பெற்றபோது ஐந்து செம்பனை, ஒன்று வீடமைப்புத் திட்டம், மீதி ஒன்று பஸ் நிறுத்தத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருந்தது.

இந்த மடலை எழுதக் காரணம் ஒரு மாற்றல் உத்தரவு. எங்கள் ஊர்க் கிளினிக்கில் ஓர் இளம் மருத்துவ உதவியாளர் இருந்தார். கிளந்தான்காரர், வயது முப்பதுகூட இருக்காது. (ஊர்க் கிழவிகள் அவரை இன்னமும் 'டிரெசர்' என்றுதான் அழைத்தார்கள். தோட்ட ஆஸ்பத்திரி மூடி எத்தனை காலம் ஆனாலும் அந்தப் பட்டம் போகாது.) இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அவர் தம் சொந்தக் கைப்பேசியில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த என் அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். போன மாதம் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றல் முறைதான், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. பத்து மணி அழைப்பு அவரோடு போய்விட்டது என்பதுதான் என் வழக்கு.

அண்ணன் 1974இல், 19 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொண்ட ரேஞ்சர் படை. அப்பா பால்மரம் வெட்டினார். பிரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு விடியுமுன் எழும் வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்று அண்ணன் போனார். போன இடத்தில் அதற்கும் முன்னால் எழுப்பினார்கள் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார். முதல் விடுமுறையில் வந்தபோது புதுச் சப்பாத்தோடு லயத்துக்குள் நடந்து வந்ததும், பிள்ளைகள் நாங்கள் பின்னால் ஓடியதும் எனக்கு நினைவிருக்கிறது.

அவர் தம் செக்ஷனில் வயர்லெஸ் செட்டைச் சுமந்தவர். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை அப்போது காட்டை வெட்டிப் போடப்பட்டுக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கு நடுவே, 1982இல்தான் அது திறக்கப்பட்டது. சாலை போட்டவர்களுக்குக் காவலாகக் காட்டுக்குள் ரோந்து போனவர்களில் அண்ணனும் ஒருவர். இன்று கோத்தா பாருவுக்குக் காரில் போகிறவர்கள் யானை தென்படுமா என்று பார்த்துக்கொண்டே போகும் சாலை அது.

1976இல் ஒரு மழை நாளில் அவருக்கு முன்னால் நடந்தவர் ஜெரங்காப் சமார் ஒன்றில் கால் வைத்துவிட்டார். மறைத்து வைத்த கண்ணியைப் பட்டாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நூரி ஹெலிகாப்டர் வேண்டும் என்று அண்ணன் செட்டில் கூப்பிட ஆரம்பித்தார். மேகம் இறங்கியிருந்தது, மரங்கள் அடர்த்தி, அலைவரிசையில் இரைச்சல். பதில் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் வந்தது, ஹெலிகாப்டரும் வந்தது, அந்த ஆள் அதற்குள் போய்விட்டார். இதை அண்ணன் எங்களிடம் சொன்னது 46 ஆண்டுகள் கழித்து. (இந்த மடலின் முதல் படியை அவர் படித்துப் பார்த்தார். நான் 'நண்பர்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'முன்னால் நடந்தவர்' என்று மாற்றினார். பெயர் போட வேண்டாம் என்றார். மற்றபடி ஆட்சேபம் இல்லை.)

13 ஆண்டுகளில் விலகி வந்துவிட்டார். 21 ஆண்டு முடித்தவர்களுக்குத்தான் பென்ஷன் என்பது உங்களுக்குத் தெரியும். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார். யாரிடமும் சண்டை இல்லை. குடியும் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் நடந்து போனால் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருவார். நான் கால் தூக்கிய தடத்தில்தான் அவர் கால் வைப்பார். சேறாக இருந்தாலும் விலக மாட்டார். பட்டாளத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் ஒரு மருத்துவரிடம் சொல்லலாம் என்று எனக்கு நாற்பது ஆண்டுகளாகத் தோன்றவில்லை.

2021இல் அண்ணி தவறினார். மறு ஆண்டு அண்ணன் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். எப்படி என்பது இங்கே தேவையில்லை. சரியான நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் கதவைத் தட்டினான், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் நாங்கள் பொய் சொன்னோம். அதை இப்போது எழுதத் துணிகிறேன். அப்போது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நடப்பில் இருந்தது: தற்கொலைக்கு முயல்வது குற்றம், ஓராண்டு வரை சிறை. போலீஸ் வரும், வழக்கு வரும், ஊர் பேசும் என்று பயந்து 'தவறி நடந்துவிட்டது' என்று குடும்பமே ஒரே வாயாகச் சொன்னது. 2023 மே 22 அன்று மக்களவை அந்தப் பிரிவை நீக்க வாக்களித்தது, அந்தச் சட்டம் போயே போய்விட்டது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று நான் நெடுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எங்கள் பக்கம் இன்னமும் பாதிப் பேருக்கு அது தெரியாது. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பேச்சு ஒட்டுக்கடைகளில் அப்படியே இருக்கிறது. சட்டத்தை எடுத்தவர்கள் எடுத்ததைத் தமிழில், கிளினிக் சுவரில் ஒட்டிச் சொல்லியிருக்கலாம்.

பொய்யை நம்பிய மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் மட்டுமா பொய் சொன்னோம்? அண்ணனும் சொன்னார், தம் பாணியில். மருத்துவர் மலாயில் கேட்டார். அண்ணனின் மலாய் பட்டாளத்து மலாய், சுத்தமாக இருக்கும். படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் மேலதிகாரிக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னார். தூக்கம் வருகிறதா? 'பாய்க், துவான்.' மனம் சோர்வாக இருக்கிறதா? 'தியாடா மசாலா, துவான்.' நல்லது ஐயா, பிரச்சினை இல்லை ஐயா. அந்த மருத்துவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது. அவர் எழுதிக்கொண்டு போனார். இதே மனிதரிடம் யாராவது தமிழில், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, 'அண்ணே, காட்டில் என்னென்ன பார்த்தீர்கள்?' என்று தொடங்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். ரேஞ்சர் படைக்கு இபான் மொழியில் ஒரு முழக்கம் உண்டு: 'அகி இடுப், அகி ங்கெலாபான்.' உயிர் உள்ளவரை போராட்டம் என்று பொருள். அதைப் பத்தொன்பது வயதில் நெஞ்சில் ஏற்றிக்கொண்டவரை, முடியவில்லை என்று வாயால் சொல்ல வைப்பது இரண்டு நிமிடக் காரியம் அல்ல.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு வெள்ளைக் கார்டு, அதில் மனநலப் பிரிவுக்கு ஒரு தேதி. ஏழு வாரம் தள்ளி.

என் மகள் பினாங்கில் தாதி. கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தவள் முகம் மாறியது. 'அப்பா, வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம். அது முழுக்க இந்த ஏழு வாரத்துக்குள் விழுகிறது' என்றாள். இது அவள் சொந்தக் கணிப்பு இல்லை. மனநல மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரிந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தவர்கள்தானே அந்தத் தேதியையும் போடுகிறீர்கள்?

அந்த ஏழு வாரம் அவள் விடுப்புப் போட்டு வந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் அடுப்பங்கரையில் நான் இருந்தேன். அவள் சாம்பாருக்குப் பருப்பைக் கடைந்துகொண்டே, தலையைத் திருப்பாமல், 'பெரியப்பா, இன்றைக்கு அந்த எண்ணம் வந்ததா?' என்று கேட்டாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஞாபகப்படுத்துகிறாளே, கேட்காமல் இருந்தால் மறந்திருப்பாரே என்று கோபமும் வந்தது. அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். 'காலையில் வந்தது' என்றார். 'இப்போது இல்லை.' 'வந்தால் என்னைக் கூப்பிடுவீர்களா?' 'கூப்பிடுகிறேன்.' பிறகு இருவரும் உப்பு போதுமா என்று பேசிக்கொண்டார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று அவள் எனக்குப் பிறகு விளக்கினாள். விளக்கத்தைவிட அந்த வெங்காயம்தான் எனக்குப் புரிய வைத்தது.

வீட்டில் எதை எதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவள்தான் வீட்டைச் சுற்றி வந்து, சில பொருள்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, கொட்டகைச் சாவியை என் சாவிக்கொத்தில் கோத்துவிட்டாள். தோட்டப்புறங்களில் இது சின்ன விஷயம் இல்லை. பராகுவாட் களைக்கொல்லியை இந்த நாடு 2020 ஜனவரி 1 முதல் முழுதாகத் தடை செய்தது. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலைகள் பாதிக்கும் கீழே இறங்கின. அந்த எண்ணம் வேகமாக வந்து வேகமாகப் போகிறது. வரும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்கிறார். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒதுக்குங்கள்.

தேதி வந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், முதல் பஸ் ஆறரைக்கு. 'நானே போய்க்கொள்வேன், சின்னப் பிள்ளையா?' என்று பிடிவாதமாகத் தனியாகக் கிளம்பினார். எட்டு மணிக்குத் திரும்பி வந்துவிட்டார். 'பஸ் வரவில்லை' என்றார். பஸ் வந்தது. ஓட்டுநர் என் சிநேகிதர். அண்ணன் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்ததாகவும், கதவைத் திறந்ததும் தலையை ஆட்டி வேண்டாம் என்றதாகவும் சொன்னார்.

ஏன் ஏறவில்லை என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்கே தெரியும். இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற சொல் ஓர் ஊரின் பெயராகக் காதில் விழுவதில்லை. 1911இல் அங்கே மனநல மருத்துவமனை திறந்த நாளிலிருந்து நான்கு தலைமுறையாக அது ஒரு வசவு. பள்ளிக்கூடத்தில் நானும் அதைச் சொல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்திருக்கிறேன். அந்த மருத்துவமனை எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அந்தக் கணக்கு எங்கள் கேலியில் ஏறவே இல்லை. அண்ணனின் கார்டில் இருந்தது வேறு மருத்துவமனை, வேறு ஊர். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். 'மனநலம்' என்று எழுதிய பலகைக்குக் கீழே, தெரிந்தவர் கண்ணில் பட்டு உட்கார வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அன்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. இரண்டு வாரம் கழித்து நானே போன் செய்தேன். கோப்பில் 'வரவில்லை' என்று பதிவாகியிருக்கிறது, மறுபடி வர வேண்டுமானால் கிளினிக்கில் புதிதாகப் பரிந்துரைக் கடிதம் வாங்கி வாருங்கள் என்றார்கள். பேசிய அம்மா மரியாதையாகத்தான் பேசினார். விதி அப்படி.

தபால்காரனாக ஒன்று சொல்கிறேன். மேலே 'உருசான் செரி படுகா பகிண்டா', அதாவது அரசாங்கப் பணி, என்று அச்சிட்ட பழுப்பு உறைகள் என் பையில் தினமும் வரும். அவற்றில் எத்தனையோ, இடித்துத் தள்ளிய லயங்களுக்கு எழுதியவை. மூன்றாம் நம்பர் லயம், ஏழாம் கதவு என்று முகவரி இருக்கும். அங்கே செம்பனைக் கன்று நிற்கும். கன்றிடம் கொடுத்துவிட்டு வர முடியுமா? ஏழாம் கதவுக்காரர் எந்தத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வாடகைக்கு இருக்கிறார், பகலில் எந்தக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும், கொண்டுபோய்க் கொடுப்பேன். எனக்குப் பின் வந்த பையனுக்குத் தெரியாது. அவன் உறையின்மேல் 'பிண்டா' என்று எழுதித் திருப்பி அனுப்புவான். இடம் மாறிவிட்டார். விதிப்படி அவன் செய்வது சரி. கடிதம் எழுதியவருக்கும் சரி, எடுத்துப் போனவனுக்கும் சரி, வேலை முடிந்துவிட்டது. 'வரவில்லை' என்று கோப்பில் எழுதுவதும் இதே ஜாதிதான் என்று எனக்குப் படுகிறது. தேதி கொடுத்தாயிற்று, ஆள் வரவில்லை, கோப்பு மூடியாயிற்று.

ஒருவர் பல் பிடுங்க வராவிட்டால் வலி நின்றிருக்கும் என்று விட்டுவிடலாம். உயிரை விட நினைத்தவர் வராவிட்டால் அப்படி எடுத்துக்கொள்ள முடியுமா? வராததே ஒரு நோய்க்குறி இல்லையா? ரத்த அழுத்தம் 200க்குப் போனால் தாதி ஓடி வருகிறார். அண்ணனுடைய 200 அந்த 'வரவில்லை'தான்.

அமெரிக்காவில் இதற்கென்று முறை வைத்திருக்கிறார்கள். மகள் அச்சடித்துக் கொடுத்ததை நான் அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். ஈராக்கிலிருந்து திரும்பி, 22 வயதில் தன்னை மாய்த்துக்கொண்ட ஜோஷுவா ஓம்விக் என்ற இளைஞனின் பெயரால் 2007இல் ஒரு சட்டம் வந்தது. முன்னாள் வீரர்களுக்கான அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும், தற்கொலைத் தடுப்பை மட்டுமே பொறுப்பாகக் கொண்ட ஒருவர் இருக்க வேண்டும் என்றாயிற்று. ஆபத்து அதிகம் என்று அடையாளமிட்ட வீரரை முதல் 30 நாளில் குறைந்தது நான்கு முறை பார்க்கிறார்கள். தவணைக்கு வராவிட்டால் தொலைபேசியில் தேடுகிறார்கள். அவசரப் பிரிவுக்கு வந்த வீரரோடு உட்கார்ந்து, எண்ணம் வரும்போது என்ன அறிகுறி தெரியும், யாரைக் கூப்பிடுவது, எங்கே போய் உட்காருவது, வீட்டில் எதை அப்புறப்படுத்துவது என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுத வைத்து, பிறகு போனிலும் தொடர்ந்து விசாரித்துப் பார்த்தார்கள். 1,640 பேரை வைத்து 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில், அப்படிக் கவனிக்கப்பட்டவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த நடத்தை 45 விழுக்காடு குறைவாக இருந்தது. புறநோயாளிப் பிரிவுக்கு ஒழுங்காக வந்தவர்களும் அவர்களில்தான் அதிகம்.

அமெரிக்காவைக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. அங்கே இவ்வளவும் செய்தும் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தம்மை மாய்த்துக்கொள்கிறார்கள். ஓயாத போர்களை நடத்திவிட்டுப் பிறகு ஆள்களைப் போனில் தேடுவதைவிட, போர்களைக் குறைத்திருக்கலாம் என்று சொன்னால் அது வேறு மடல்.

அந்தக் காகிதக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெரோம் மோட்டோ என்ற சான் பிரான்சிஸ்கோ மனநல மருத்துவரின் கதை. பிடித்ததற்குக் காரணம் தொழில் பாசம்: அது கடிதங்களின் கதை. 1969இல் தொடங்கினார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்றோ பாதியில் நிறுத்தியோ விலகிவிட்ட 843 பேரை எடுத்துக்கொண்டார். பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குச் சின்னக் கடிதங்கள் போயின, மற்றவர்களுக்கு இல்லை. கடிதத்தில் கேள்வி கிடையாது, தவணை கிடையாது, அறிவுரை கிடையாது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரி. முதலில் மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்து ஆண்டில் 24 கடிதம். கடிதம் போனவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. முதல் இரண்டு ஆண்டில் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. தபால்தலைக்கு ஆகும் செலவு. நான் 31 ஆண்டில் சுமந்த பைகளில் எத்தனை மின்சாரக் கட்டணம், எத்தனை வங்கி எச்சரிக்கை! இப்படி ஓர் உறை ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 'மென்தாரி' என்ற சமூக மனநல மையங்கள் இருக்கின்றன. 2022இல் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண் வந்தது. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கிறார். (இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்த எண் இப்போதே வேண்டுமானால், மடலை இங்கேயே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.) கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட், நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். காசு எங்களைத் தடுக்கவில்லை. ஆனால் இவை எல்லாமே நோயாளி வர வேண்டும், நோயாளி கூப்பிட வேண்டும் என்று காத்திருக்கின்றன. அண்ணனைப் போன்றவர் கூப்பிட மாட்டார். அவருக்குத் தெரிந்த முறையில், கூப்பிடுவது செட்டைச் சுமப்பவன் வேலை. அடிபட்டுக் கிடப்பவன் வேலை அல்ல.

அந்தக் கிளந்தான் தம்பிக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. பரிந்துரைக் கடிதம் கேட்டு நான் கிளினிக்குக்குப் போன அன்று, அவர் கடிதத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அண்ணனின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமையே கூப்பிட்டார். 'பாக் சிக், சாப்பிட்டாயிற்றா?' அண்ணன் 'தியாடா மசாலா, துவான்' என்றார். 'நான் துவான் இல்லை, உங்கள் மகன் வயது' என்றாராம் அவர். மூன்று நான்கு வாரம் இப்படியே போனது. ஐந்தாவது வாரமோ ஆறாவதோ, மிளகாய்ச் செடியில் இலை சுருட்டல் பற்றிப் பேச்சு வந்தது. அவர் அம்மாவும் கோலகிராயில் மிளகாய் போடுகிறாராம். அதிலிருந்து பேச்சு நீண்டது. பத்தாவது வாரம் அண்ணன் தாமே பஸ் ஏறி மனநலப் பிரிவுக்குப் போனார். நான் கூடப் போகிறேன் என்றபோது, 'அடுத்த வெள்ளி அவன் கேட்பான், போனேன் என்று சொல்ல வேண்டும்' என்றார். மருந்து தொடங்கினார்கள். ஆலோசகர் ஒருவரிடம் பேசவும் ஆரம்பித்தார். காட்டுக் கதை எங்களுக்கு வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அந்தத் தம்பி தம் நல்ல குணத்தால் செய்ததை ஒரு நாற்காலியின் வேலையாக்குங்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் செய்தாக வேண்டிய வேலையாக. தற்கொலைக்கு முயன்று வீடு திரும்பும் முன்னாள் வீரரை மூன்று நாளுக்குள் ஒருவர் கூப்பிட வேண்டும். தவணையை ஏழு நாளில் வையுங்கள், ஏழு வாரத்தில் வேண்டாம். அவர் வராத அன்று மாலைக்குள் இன்னொரு அழைப்பு. அவர் எடுக்காவிட்டால் தம்பிக்கோ மகளுக்கோ அழைப்பு. அதற்காகக் கார்டில் இரண்டாவது எண்ணுக்கு ஒரு கோடு போடுங்கள். வராதவரிடம் புதுக் கடிதம் கேட்காதீர்கள். முதலில் கொடுத்த கடிதம் என்ன, கெட்டா போய்விட்டது? மாதம் ஒரு நாள் மனநல மருத்துவரை எங்களைப் போன்ற ஊர்க் கிளினிக்குகளுக்கு அனுப்புங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உட்காரும் அதே பெஞ்சில் அவர்களும் உட்காரட்டும், யார் எதற்கு வந்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

படைவீரர் நலனைப் பார்க்கும் அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1989 டிசம்பர் 2இல் தாய்லாந்தின் ஹாட்யாயில் அரசாங்கமும் கம்யூனிஸ்டுகளும் கையெழுத்துப் போட்டுச் சண்டையை முடித்தார்கள். அதில் நின்றவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். துணைவியர் ஒவ்வொருவராகப் போகிறார்கள், பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும். பென்ஷன் இல்லாதவர் உங்கள் சம்பளப் பட்டியலில் வர மாட்டார், ஆகவே உங்கள் கண்ணில் படமாட்டார். எங்கள் ஏழு தோட்டங்களில் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒன்பது பேர் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். பட்டியல் வேண்டுமானால் அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கித் தருகிறேன். முகவரி சரியாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு. ஒரு வீரரைக் கூப்பிட இன்னொரு பழைய வீரருக்குப் பயிற்சி கொடுக்க முடியுமானால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை. அண்ணனையே கேட்டேன். 'செட் கொடுத்தால் கூப்பிடுகிறேன்' என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணனிடம் ஒரு 555 நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் அதே சின்ன நோட்டு. வயர்லெஸ் காலத்துப் பழக்கம், வந்த அழைப்பை எல்லாம் குறித்து வைப்பார். இரண்டு ஆண்டு வெள்ளிக்கிழமைகளும் அதில் வரிசையாக இருக்கின்றன: '1000 மணி. அழைப்பு. 4 நிமிடம்.' '1000 மணி. அழைப்பு. 11 நிமிடம். மிளகாய்.' ஹரி ராயா வாரத்தில்கூட ஒன்று இருக்கிறது: '1020 மணி. அழைப்பு. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டான்.'

நேற்று அவர் குளிக்கப் போயிருந்தபோது கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். '1000 மணி. அழைப்பு இல்லை.' அதன் கீழே அடுத்த வாரம்: '1000 மணி. அழைப்பு இல்லை.' அதன் கீழே மூன்றாவது வாரத்துக்குத் தேதியை மட்டும் முன்கூட்டியே எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறார்.

இன்று புதன்கிழமை. அண்ணனின் எண் உங்கள் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தபால்காரன்,
பேராக்